போரிலிருந்து திரும்பியவனின் காதலை எழுதுவது எப்படி

வரலாற்றுப் புனைவில் போரையும் காதலையும் சேர்த்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அவன் போரில் நொறுங்கிப்போய் வருகிறான், அவள் அன்பு காட்டுகிறாள், ஒரு மழை இரவில் அவள் மடியில் படுத்து அழுகிறான், மறுநாள் காலையில் சரியாகிவிடுகிறான். என் நாவலின் முதல் வரைவும் இப்படித்தான் இருந்தது. அதைப் படித்த ஒரு பெரியவர், அவருடைய அப்பா போருக்குப் போய் உயிரோடு திரும்பியவர், தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எங்கம்மா நாப்பது வருஷம் பாசமாத்தான் இருந்தாங்க, அப்பா கடைசிவரைக்கும் கதவைப் பார்த்தமாதிரிதான் படுத்தாரு" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நாவலை முதலிலிருந்து எழுதினேன். அப்படி எழுதியபோது பிடிபட்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் விஷயம் இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது: காதலை மருந்தாக எழுதாதீர்கள். அந்த வீட்டில் அவனும் அவளும் மட்டும் இல்லை, அவன் கூடவே கூட்டிவந்த இன்னொன்றும் இருக்கிறது, அது சாப்பாட்டு நேரத்திலும் படுக்கையிலும் பிள்ளை அழும்போதும் கூடவே இருக்கிறது. அதோடு சேர்ந்து குடித்தனம் நடத்த இரண்டு பேரும் எப்படிக் கற்றுக்கொண்டார்கள், அல்லது எந்த இடத்தில் முடியாமல் போனது என்பதுதான் உங்கள் கதை. சங்க இலக்கியமான முல்லைப்பாட்டில் போருக்குப் போன அரசனின் மனைவி வீட்டில் தூங்காமல் கிடக்கிறாள், அரசனும் பாசறையில் தூங்கவில்லை, புண்பட்ட யானைகளையும் தீனி எடுக்காமல் வாடும் குதிரைகளையும் நினைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு தூக்கமின்மையையும் ஒரே பாட்டில் வைக்க நம் ஆட்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. ஆனால் தேர்க்குதிரைகளின் சத்தம் அவள் காதில் விழுந்ததும் பாட்டு முடிந்துவிடுகிறது. நீங்கள் எழுத வேண்டியது அதற்கு மறுநாளை.

சரி, வெறுமனே பேசாமல் ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்த, தாய்லாந்தையும் பர்மாவையும் சேர்க்கும் 415 கிலோமீட்டர் பாதை. ஜப்பானிய ராணுவம் அதில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேரை வேலை வாங்கியது, 12,000க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவர்களைவிட மிக அதிகமான எண்ணிக்கையில் போய், மிக அதிகமாகச் செத்த ஆசியத் தொழிலாளர்களைப் பற்றி, அதிலும் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களைப் பற்றி, எழுதப்பட்டது கொஞ்சம்தான். நம் கதையில் அவன் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி, 1943இல் போனவன், 1945 கடைசியில் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, திரும்புகிறான். அவள் அவன் பெண்டாட்டி. பெயர் வேண்டாம், அவன் அவள் போதும்.

எழுத உட்காருவதற்கு முன்னால் காலத்தைக் கையில் பிடியுங்கள். தேதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை, அந்தக் காலம் அவர்கள் உடம்பில் எங்கே பட்டது என்று பாருங்கள். ஜப்பான் காலத்தில் மலாயாவின் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள், ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அப்படியென்றால் விடியலுக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை, நேற்றுவரை ஆறரைக்கு விடிந்த பொழுது இன்று எட்டு மணிக்கு விடிகிறது. இது ஒரு தகவல். அவன் திரும்பிய பிறகும், கடிகாரத்தைப் பழையபடி திருப்பிவைத்த பிறகும், அவன் உடம்பு முகாம் நேரத்துக்கு எழுந்து இருட்டில் வாசலில் வரிசைக்கு நிற்பதுபோல நிற்கிறான், அவள் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டு கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்றால், தகவல் காட்சியாகிவிட்டது. வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு 1945இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் செல்லாக்காசானது. அவன் வருவான் என்று அவள் மூன்று வருஷம் டின்னில் சேர்த்து வைத்த காசு அது. அவன் வந்தபோது அவள் கையில் கொடுக்க இருந்தது அந்தத் தாள்கள்தான். இப்படி ஒவ்வொரு தகவலையும் இருவருக்கு நடுவில் கொண்டுவந்து வையுங்கள், வைக்க முடியாததை எழுதாமல் விடுங்கள், எவ்வளவு கஷ்டப்பட்டுத் தேடியதாக இருந்தாலும் சரி.

அடுத்து, காயத்துக்கு என்ன பெயர் வைப்பது. இன்று நமக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் என்று ஒரு பெயர் தெரியும். அந்தப் பெயர் அமெரிக்க மனநல மருத்துவ வகைப்பாட்டில் ஏறியதே 1980இல்தான். 1688இல் சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர் யோஹானஸ் ஹோஃபர், வெளியூரில் வாடிய இளைஞர்களிடமும் கூலிப்படை வீரர்களிடமும் கண்டதற்கு வீட்டு ஏக்கம் என்ற பொருளில் நாஸ்டால்ஜியா என்று பெயர் கொடுத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் அதை இதய நோயாகப் பார்த்தார்கள். 1915இல் பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் மருத்துவ இதழில் ஷெல் ஷாக், அதாவது குண்டு அதிர்ச்சி, என்ற சொல்லைப் பயன்படுத்தினார், இரண்டு வருஷத்தில் பிரிட்டிஷ் ராணுவமே அந்தச் சொல்லை எழுத வேண்டாம் என்று மருத்துவர்களைத் தடுத்தது. அதாவது ஒவ்வொரு காலமும் இதே காயத்தைப் பார்த்து வேறு ஏதோ ஒன்று என்று நினைத்திருக்கிறது. உங்கள் பாத்திரமும் அப்படித்தான் நினைக்க வேண்டும்.

லயத்தில் யாரும் மனஉளைச்சல் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். புத்தி பேதலிச்சுப்போச்சு, காட்டுல ஏதோ பயந்துட்டான், காத்து கருப்பு பட்டிருச்சு, சித்தப்பிரமை, இப்படித்தான் பேச்சு ஓடும். வைத்தியமும் அதற்கேற்பத்தான். திருநீறு போடுவார்கள், தாயத்துக் கட்டுவார்கள், வேப்பிலை அடிப்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று காட்டி நாயகியை மட்டும் இன்றைய மனநல ஆலோசகர்போலப் பேச வைக்காதீர்கள், அது அவளுக்குச் செய்யும் அவமரியாதை. அவளும் தாயத்து கட்டத்தான் போவாள். அதைக் கட்டும்போது அவன் கை நடுங்குவதைப் பார்க்கிறாள், மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு இருப்பதைப் பார்க்கிறாள், கட்டாமல் மடியில் முடிந்துகொண்டு வந்துவிடுகிறாள். அவள் அறிவு அந்த இடத்தில் இருக்கிறது. நோயின் பெயர் தெரியாமலே நோயை அறிகிற ஒருத்தியை எழுத முடிந்தால் பாதி நாவல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடம். போர்க்காயம் என்றதும் நாம் எல்லாரும் கெட்ட கனவுக்குப் போய்விடுகிறோம். திடுக்கிட்டு எழுவது, வியர்வை, அலறல். உண்மையில் நடப்பதுதான், ஆனால் ஒரு நாவலில் ஒரு முறைக்கு மேல் வந்தால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். தாம்பத்தியத்தை உள்ளே இருந்து அரிப்பது மரத்துப்போவது. சந்தோஷமும் தெரியாது, துக்கமும் தெரியாது, பிள்ளை முதல் வார்த்தை பேசும்போது எல்லாரும் சிரிக்கிறார்கள், எங்கே சிரிக்க வேண்டும் என்று மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். அவளுக்கு அது தெரிந்துவிடுகிறது. அலறினால்கூட அவள் போய்ப் பிடித்துக்கொள்வாள், அமைதியாக இருப்பவனை எங்கே போய்ப் பிடிப்பது? காதல் கதைக்கு இதைவிடப் பெரிய தடை கிடையாது, ஏனென்றால் தன்மேல் பிரியம் போய்விட்டது என்றுதான் எந்தப் பெண்ணும் முதலில் நினைப்பாள். அந்தத் தவறான புரிதலை அவசரமாகத் தீர்த்துவைக்காதீர்கள். ஐம்பது பக்கம்கூட ஓடட்டும்.

அதேபோல, பழைய நினைவைக் கிளப்புவது எது என்று தேர்ந்தெடுக்கும்போது வெடிச்சத்தத்தை விட்டுவிடுங்கள். தீபாவளி வெடிக்குப் பதுங்கும் காட்சியை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சயாமில் 1943 மழைக்காலத்தில் காலரா பரவி ஆயிரக்கணக்கில் செத்தார்கள், மூங்கில் கொட்டகைகள், காலில் எலும்பு தெரிகிற அளவுக்குப் புண், பிணங்களைப் போட்டு எரித்த தீ. அப்படியென்றால் அவனைக் கிளப்புவது மழை கூரையில் விழும் சத்தமாக இருக்கலாம், பச்சை மூங்கில் எரியும்போது கணு வெடிக்கும் சத்தமாக இருக்கலாம், அவளே காலில் சின்னப் புண்ணோடு வந்து நிற்பதாக இருக்கலாம். கடைசியாகச் சொன்னதைப் பாருங்கள். அவள் பால்மரக் காட்டில் காலைக் கிழித்துக்கொண்டு வருகிறாள், அவன் அவளைத் தொடாமல் வெளியே போய்விடுகிறான், இரவு முழுக்க வரவில்லை. அவளுக்குக் கோபம். வாசகருக்கு மட்டும் பத்து அத்தியாயத்துக்கு முன்னால் வந்த இன்னொரு கால் ஞாபகம் வருகிறது. நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை.

குற்ற உணர்ச்சியையும் விட்டுவிடாதீர்கள். உயிர் பிழைத்தவனுக்குள்ளே பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கும்: செத்தவனின் சோற்றை எடுத்துச் சாப்பிட்டது, காய்ச்சலில் கிடந்தவனைத் தூக்காமல் வந்தது, பெயர் கேட்டபோது வேறொருத்தனைக் கைகாட்டியது. பயத்தைவிட இது ஆழமாகப் போகிற காயம். இதை அவன் அவளிடம் சொல்வானா? என் கருத்து, முழுதாகச் சொல்ல வேண்டாம். சொல்லிவிட்டால் பாவமன்னிப்புக் காட்சியாகிவிடும், அவள் மன்னிக்கிற இடத்துக்குத் தள்ளப்படுவாள், மன்னிக்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது, செத்தது வேறொருத்தியின் புருஷன். அந்த வேறொருத்தி அதே லயத்தில் நான்கு வீடு தள்ளி இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சேதி தெரியாமல் இன்னும் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அவன் அந்த வீட்டு வாசலைத் தாண்டாமல் சுற்றிப் போகிறான். நம்மவள் அதைக் கவனித்து வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொள்கிறாள்.

அப்புறம், காத்திருந்தவளுக்கும் ஒரு போர் நடந்தது. நிறைய நாவல்களில் அவள் ஜன்னலோரம் நின்றுகொண்டே மூன்று வருஷத்தைக் கழிக்கிறாள். அந்த மூன்று வருஷத்தில் அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான், துணி இல்லாமல் சாக்கைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், மருந்து இல்லை. பிள்ளை செத்திருக்கலாம். அவள் புதைத்திருக்கிறாள், தனியாக. உயிரோடு இருக்க யாரிடமோ எதையோ விற்றிருக்கிறாள். அவன் திரும்பி வந்ததும் எல்லாரும் அவனைத்தான் விசாரிக்கிறார்கள், சயாம் போய் வந்தவன் என்று பெயர் வேறு, அவளுடைய மூன்று வருஷத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. இரண்டு பேருக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது, இருவருமே மற்றவர் பட்டது பெரிது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் காதல் அங்கேதான் இருக்கிறது, அந்த வாய்மூடலில், அதே இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1947இல் மட்டும் சுமார் 60,000 விவாகரத்துகள் ஆயின, போருக்கு முந்தைய எண்ணிக்கையைவிடப் பல மடங்கு. விவாகரத்தே நினைக்க முடியாத சமூகங்களில் அதே விரிசல் வேறு வழியில் வெளியே வந்திருக்கும், கள்ளுக்கடையில், தனித்தனிப் பாயில், பேச்சு நின்றுபோவதில்.

பாலியல் வன்முறையை எழுதுவதாக இருந்தால் நின்று யோசியுங்கள். அவள் பட்ட கொடுமையை அவன் பழிவாங்குவதற்கான காரணமாக மட்டும் வைக்கிற கதை வேண்டவே வேண்டாம். காட்சியை விவரிக்காமலே அதன் பாரத்தை எழுத முடியும், பின்னால் வருவதை எழுதுங்கள்: யார் தண்ணீர் கொடுத்தார்கள், யார் கதவைச் சாத்தினார்கள். வரலாறு இங்கே நம் கற்பனையைவிடச் சிக்கலானது. 1971 போருக்குப் பிறகு வங்கதேச அரசு பாதிக்கப்பட்ட பெண்களுக்கு வீராங்கனை என்று பொருள்படும் பட்டம் கொடுத்தது, பல வீடுகளில் அந்தப் பட்டமே வசையாக மாறியது. பிரிவினைக்குப் பிறகு 1949இல் இந்தியா ஒரு சட்டம் போட்டது, கடத்தப்பட்ட பெண்களை மீட்டு அனுப்புவதற்காக. போக விருப்பமா என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. சிலர் அதற்குள் அந்தப் பக்கம் குடும்பமாகிப் பிள்ளை பெற்றிருந்தார்கள், இருந்தும் பிரிக்கப்பட்டார்கள். அங்கே இருந்தது காதலா, வேறு வழியில்லாமல் வந்த பழக்கமா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லத் துடிப்பீர்கள். சொல்லாதீர்கள். அவளுக்கே தெரியாத ஒன்று அது, அந்தத் தெரியாமையை அப்படியே எழுதுங்கள்.

மொழி பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் இந்த வேலைக்குக் கொடுக்கிற கருவிகளை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. பட்டவர்கள் பேசும் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள், சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பான் காலத்தை நேரில் பார்த்தவர்களின் வாய்மொழிப் பதிவுகள் இருக்கின்றன, பிரிவினைக்கும் அப்படிப்பட்ட சேகரிப்புகள் உண்டு. என்ன சொல்கிறார்கள் என்பதைவிட எப்படிச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். "அடிச்சாங்க" என்று சொல்லிக்கொண்டே வருகிறவர் ஒரு இடத்தில் "அடி விழுந்துச்சு" என்பார். செய்தவன் வாக்கியத்தை விட்டே போய்விட்டான். "நான்" என்று தொடங்கியவர் மோசமான இடம் வந்ததும் "நாங்க" ஆகிவிடுவார், அல்லது "ஒருத்தன்" என்று யாரோபோலச் சொல்வார். ஆட்களை எண்ணும்போது "ஆறு பேரு போயிருச்சு" என்று அஃறிணை முடிவு வரும். நம் வினைமுற்றுக்குள்ளேயே ஆளும் திணையும் இருப்பதால் ஒரு விகுதியை மாற்றினாலே போதும், மனசு எங்கே ஒதுங்கிக்கொண்டது என்று தெரிந்துவிடும். பழைய நினைவு வரும்போது "அவனுக்கு ஞாபகம் வந்தது" என்று கதவைத் திறந்துவிடாதீர்கள். வந்தான், உட்கார்ந்தான் என்று ஓடிக்கொண்டிருக்கும் பத்தியில் திடீரென்று தூக்குகிறான், நடக்கிறான் என்று நிகழ்காலம் வந்து, மூன்று வாக்கியத்தில் திரும்பிவிடட்டும். வாசகர் ஒரு நொடி தடுமாறுவார். தடுமாறட்டும்.

காதல் பேச்சிலும் இதே கவனம் வேண்டும். 1945இல் லயத்துப் பெண் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், "உன்னைக் காதலிக்கிறேன்" என்று இருவரில் யாரும் சொல்லப்போவதில்லை. "இந்தாங்க", "ஏங்க", அவனுக்கு "ஏ புள்ள", அவ்வளவுதான் கையில் இருக்கிறது. இதைக் குறையாக நினைக்காதீர்கள். "ஏ புள்ள" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் சயாமிலிருந்து வந்த பிறகு அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடவே இல்லை, தொண்டையைச் செருமுகிறான், அவள் திரும்புகிறாள். நாவலின் கடைசிப் பகுதியில் எங்கோ ஒரு இடத்தில், முக்கியமே இல்லாத ஒரு வேலைக்கு நடுவில், "ஏ புள்ள" என்கிறான். காதலைச் சொல்ல இதற்கு மேல் ஒரு வசனம் தேவைப்பட்டால் நீங்கள் முன்னால் சரியாக எழுதவில்லை என்று அர்த்தம்.

கடிதங்கள் வைப்பதாக இருந்தால், அந்தக் காலத்துக் கடிதம் எப்படிப் பயணம் செய்தது என்று தெரிந்துகொண்டு வையுங்கள். முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களில் பலருக்கு எழுதத் தெரியாது, இன்னொருவர் கையால் எழுதி, தணிக்கை அதிகாரி படித்து, ஊரில் மூன்றாமவர் சத்தம்போட்டு வாசித்துக் காட்டியதுதான் கடிதம். பெண்டாட்டிக்கு எழுதியதை இத்தனை பேர் கேட்கிறார்கள். அதனால் மறைத்துப் பேசினார்கள், இந்தியச் சிப்பாய்களைக் கருப்பு மிளகு என்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகு என்றும் எழுதிய கடிதங்கள் தணிக்கைக் கோப்புகளில் இருக்கின்றன. பிரிட்டிஷ் ராணுவம் கொடுத்த அச்சடித்த அஞ்சலட்டையில் நான் நலம், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன் என்று வரிகள் இருக்கும், வேண்டாததை அடித்துவிட்டு அனுப்ப வேண்டும், கூடுதலாக ஒரு சொல் எழுதினாலும் அட்டையைக் கிழித்துவிடுவோம் என்று அதிலேயே போட்டிருக்கும். அடிக்கப்பட்ட வரிகளை அவள் விளக்கு வெளிச்சத்தில் படிப்பதை எழுத முடியும், மூன்று பக்கம் கவித்துவமாக ஓடும் கடிதத்தைவிட அது நெஞ்சில் நிற்கும். நம் சயாம் கதையில் அதுவும் இல்லை. போனவர்களின் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு எந்தச் சேதியும் வரவில்லை. அப்போது கடிதத்தைக் கண்டுபிடித்துச் செருகாதீர்கள், சேதி இல்லாத மூன்று வருஷத்தைச் சேதி இல்லாமலே எழுதுங்கள்.

முடிவை எப்படி வைப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். குணமாகி முடிப்பதும் தற்கொலையில் முடிப்பதும் ஒரே மாதிரி அவசரம்தான். சின்னதாக ஏதோ ஒன்று நகர்ந்திருந்தால் போதும். அவன் இன்னும் கதவைப் பார்த்துத்தான் படுக்கிறான், இப்போது அவள் பாயை இடம் மாற்றிப் போட்டிருக்கிறாள், கதவுக்கும் அவனுக்கும் நடுவில் அவள் இல்லாமல், அவன் பார்வை மறைக்காத பக்கமாக. அது அவள் கண்டுபிடித்த ஏற்பாடு. நான் அந்த இடத்தில்தான் நிறுத்தினேன்.

எழுதி முடித்ததும், அந்தப் போரைத் தங்கள் குடும்பத்தில் கண்டவர் யாராவது சம்மதித்தால், அவரோடு உட்கார்ந்து கஷ்டமான இரண்டு காட்சிகளை மட்டும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்றுதான் சொல்வார். எந்த இடத்தில் போதும் நிறுத்து என்று சொல்லத் தோன்றியது என்று கேளுங்கள், எந்த இடத்தில் "எங்க வீட்ல இப்படி இல்லையே" என்று தோன்றியது என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவர் காட்டும் இடத்தைத் தொடாதீர்கள். இரண்டாவது கேள்விக்குக் காட்டும் இடத்தைத் திரும்ப எழுதுங்கள்.